வித்தியாசம் கண்டறியப்படவில்லை

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை நம்பரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கையில் கொடுத்தாலும் அதற்கு ஒரு மூன்று இலக்க எண்ணை ஒட்டாமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். ருசி பார்க்கும் அறை பதினாறு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது.

அந்த அறை இரண்டாம் மாடியில், அடுப்பு வாசனை எட்டாத ஒரு மூலையில் இருந்தது. உள்ளே வரிசையாக ஆறு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு பலகை, எதிர்ச்சுவரில் ஒரு தட்டு நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல். தொழிலாளர்கள் அதைக் கூண்டு என்பார்கள். "நம்பரக்கா இன்னைக்கு என்னைக் கூண்டுல ஏத்துறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார்கள். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் வெளுத்த பிஸ்கட்டும் சிவந்த பிஸ்கட்டும் ஒரே நிறமாகத் தெரியும். கண் எடுத்துக்கொடுத்து நாக்கு பேசக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஜன்னல் வழியாக ஒரு தட்டு உள்ளே போகும். அதில் மூன்று பிஸ்கட், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இரண்டு ஒரே மாவில் சுட்டவை, ஒன்று வேறு மாவு. எது வேறு என்று மட்டும் எழுதித் தரவேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால்கூட மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். முப்பத்தாறு பேரை உட்காரவைத்தால் பன்னிரண்டு பேர் அதிர்ஷ்டத்தாலேயே சரியாக வருவார்கள். பதினெட்டைத் தொட்டால்தான் இரண்டு மாவும் உண்மையிலேயே வேறு என்று சொல்லலாம். அதற்குக் கீழே என்றால் அவள் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவாள்: "இந்தப் பரிசோதனையில் வித்தியாசம் கண்டறியப்படவில்லை."

அவள் கெடுபிடி பிரசித்தம். விளிம்பு உடைந்த பிஸ்கட்டைத் தட்டில் வைக்கமாட்டாள். உடைந்ததைத்தான் எல்லோரும் வேறு என்று காட்டுவார்கள். வாசனை எண்ணெய் தடவி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். டீ குடித்து ஒரு மணி நேரம் ஆகாதவனுக்குக் கூண்டு கிடையாது. வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான். வார நாட்களில் அவளே பச்சை வெங்காயத்தைத் தொடமாட்டாள்.

"உன்னைக் கட்டினதுலேர்ந்து நம்ம வீட்டு வெங்காயத்துக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் விடுதலை" என்பான் அவள் கணவன்.

அவனும் அதே தொழிற்சாலையில்தான் வேன் ஓட்டினான். காலையில் ஆட்களை ஏற்றி வருவதும் மாலையில் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக அவர்களுக்கு வீடு. மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது கம்பெனி கொடுத்த கடிதத்தால். ஆக, வீடு, வண்டி, பள்ளிக்கூடம் எல்லாமே ஒரே வாசலுக்குள் அடங்கியிருந்தன. அதை ஒரு சௌகரியமாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் மேனேஜர் முதல் மாற்றத்தோடு வந்தார். கம்பெனியின் பழைய பிஸ்கட், ஊரெல்லாம் விற்கிற அந்த ஒரே பிஸ்கட், அதில் வெண்ணெயில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு எண்ணெய் சேர்த்தால் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அவள் பார்த்தாள். முப்பத்தாறில் பதினான்கு. அடுத்த வருடம் பால் பவுடரைக் கொஞ்சம் குறைத்தார்கள். பதினொன்று. பிறகு மறுபடியும் வெண்ணெய். பிறகு எசன்ஸ். பிறகு அடுப்பில் இருக்கும் நேரத்தில் நாற்பது வினாடி. இப்படி ஆறு வருடத்தில் ஏழு மாற்றம், ஏழு பரிசோதனை. ஒரு தடவைகூட பதினெட்டைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் அன்றைக்குக் கடையில் விற்கிற பிஸ்கட்டோடு வைத்துத்தான் புதியதை ஒப்பிட்டாள். அவள் படித்த முறை அது. எதிலும் ஒரு தில்லுமுல்லும் கிடையாது. ஏழு ரிப்போர்ட்டிலும் அவள் கையெழுத்து இருந்தது.

ஏழாவது மாற்றம் நடந்த அந்த வருடம் அவள் கொழுந்தன் வந்தான். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. அண்ணனோடு ஏதோ ஒரு பழைய மனஸ்தாபம். அதனால் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊருக்கு வராமல் வேறு கப்பலில் ஏறிவிடுவான். ஆறு வருடம் கழித்துக் கோபம் ஆறி, ஒரு மாலை பெட்டியோடு வாசலில் நின்றான். அவள் டீ போட்டு, தட்டில் பிஸ்கட் அடுக்கி வைத்தாள்.

அவன் ஒன்றைக் கடித்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி, நம்ம பிஸ்கட் வாங்கலியா?"

"அதுதான் தம்பி இது."

"எழுத்து அதே எழுத்துதான்" என்றான், மேலே பதிந்திருந்த பெயரைத் தடவிக்கொண்டே. "ஆனா இது அது இல்ல அண்ணி. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கு."

அவள் கணவன் சிரித்தான். "கப்பல்ல கண்ட தண்ணியும் குடிச்சு உன் நாக்கு செத்துப்போச்சுடா."

"செத்த நாக்குக்கே தெரியுதுன்னா பாத்துக்கோ."

அவளுக்குச் சுருக்கென்றது. "சும்மா சொல்லாதீங்க தம்பி. முப்பத்தாறு பேரை உக்காரவச்சு ஏழு தடவை பாத்தாச்சு. ஒரு தடவைகூட வித்தியாசம் வரல."

"எதோட வச்சுப் பாத்தீங்க?"

"அப்பப்ப விக்கிறதோட."

"அதை எதோட வச்சுப் பாத்தீங்க?"

"அதுக்கு முந்தி வித்ததோட."

"அப்ப முதல்ல இருந்ததோட?"

"டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் ஏழு ரிப்போர்ட்டையும் எடுத்து மேசை மேல் வரிசையாகப் பரப்பினாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். தேய்கிற கல்லைத் தினமும் நேற்றைய கல்லோடு வைத்துப் பார்த்தால் அது தேய்ந்ததாகவே தெரியாது. ஏழு வாக்கியமும் நிஜம். ஏழையும் கூட்டினால் என்ன வரும் என்று அவளும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை.

மாதிரி சுடுவதற்கென்று தொழிற்சாலையில் ஒரு சின்ன அடுப்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவரைச் சின்னடுப்பு அண்ணன் என்பார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவரிடம் போனாள்.

"அண்ணே, ஆறு வருஷத்துக்கு முந்தின மாவு அளவுல ஒரு தட்டு சுட்டுத் தரமுடியுமா?"

"அளவு மனப்பாடமா இருக்கும்மா. எதுக்குன்னு கேட்டா?"

"பரிசோதனைக்குன்னு சொல்லுங்க. நிஜமும் அதுதான்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெண்ணெயை எடுக்கப் போனார்.

புதன்கிழமை காலை முப்பத்தாறு பேர் கூண்டுக்கு வந்தார்கள். பழைய அளவில் சுட்டதும் அன்றைக்கு விற்கிறதும், அதே சூடு, அதே சிவப்பு வெளிச்சம். அவர்கள் முடித்த பிறகு, கணக்கில் சேராமல் அவளும் உட்கார்ந்தாள். சின்னடுப்பு அண்ணன் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினார். முதல் கடியிலேயே எது வேறு என்று தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தாள். எழுந்திருக்கும் முன் கை தன் பாட்டுக்கு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. எது பிடித்ததோ அதை. வெளியே வந்து எண்ணைச் சரிபார்த்தாள். கை எடுத்தது புதியதைத்தான், அந்தத் தேய்ந்துபோனதை.

முப்பத்தாறு தாளையும் பிரித்துப் பார்த்தாள். முப்பத்தொரு பேர் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் குரல் உயர்த்தாத மனிதர். யார் வந்தாலும் முதலில் நாற்காலியைக் காட்டுவார். தாளை நிதானமாகப் படித்தார்.

"முப்பத்தொண்ணா?"

"ஆமா சார்."

"ஏழு ரிப்போர்ட்ல யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"அதுல ஏதாவது பொய் எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"நான் எழுதச் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"தனித்தனியா பாத்தா தப்பே இல்ல சார். சேத்துப் பாத்தாத்தான்..."

"சேத்துப் பாக்கச் சொல்லி யாரு கேட்டா?"

மேசையில் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. அவளுடைய ஏழாவது ரிப்போர்ட்டின் மேல் ஒரு தாள் குத்தியிருந்தது. மேலிடத்துக்குப் போன குறிப்பு. தலைகீழாகவே படித்தாள்: "ருசியில் வித்தியாசம் இல்லை."

"சார், நான் இப்படி எழுதல. கண்டறியப்படவில்லைன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கண்ணாடி போடாம தேடிட்டு சாவி கிடைக்கலைன்னா, வீட்ல சாவியே இல்லைன்னு அர்த்தமா சார்?"

அவர் சிரித்தார். "நல்லா பேசுறீங்க" என்று பாராட்டினார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிறகு சொன்னார்: "வேறன்னு தெரிஞ்சா என்ன? மோசம்னு அர்த்தமா? எது பிடிச்சிருக்குன்னு கேளுங்க. பழசுதான் பிடிக்குதுன்னா நானே மேல கொண்டுபோறேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. தன் கை எதை எடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

கேட்டாள். ஆளுக்கு இரண்டு பிஸ்கட். முதலில் தின்றதற்கு ஒரு சலுகை எப்போதும் உண்டு. அதனால் பாதிப் பேருக்குப் பழையது முதலில், மீதிப் பேருக்குப் புதியது முதலில். முப்பத்தாறில் இருபத்துமூன்று பேருக்குப் புதியதுதான் பிடித்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"சார், இவங்க எல்லாரும் இடைவேளைக்கு இடைவேளை இதையே திங்கிறவங்க. நாக்கு பழகிப்போச்சு. என் நாக்கும்தான்."

"வெளியிலயும் கேக்குறோமே. வாரம் ரெண்டு பாக்கெட் வாங்குறவங்களை வருஷா வருஷம் கேக்குறோம். பத்துக்கு எட்டு பேர் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. போன வருஷத்தைவிட இந்த வருஷம் கூட."

"பிடிச்சவங்கதானே சார் வாரம் ரெண்டு பாக்கெட் வாங்குவாங்க? பிடிக்காதவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களை யாரும் கேக்கலியே."

"வாங்காதவங்களை எதுக்கும்மா கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார்.

அன்று வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கொழுந்தன் அதற்குள் அடுத்த கப்பலுக்குக் கிளம்பிப் போயிருந்தான். மகள் புத்தகத்தோடு உள்ளறையில் இருந்தாள். கணவன் என்னவென்று கேட்டதும் அழுதுவிட்டாள்.

"நான் புதுசைத்தாங்க எடுத்தேன். பதினாறு வருஷமா ஊராரோட நாக்கை அளந்தேன். என் நாக்கு என்னைக்கு மாறிச்சுன்னு எனக்கே தெரியல."

"இதுக்குப் போய் அழுவாங்களா? நாக்கு நாய்க்குட்டி மாதிரி. போட்டதைத் தின்னு வாலாட்டும்."

"விட்டுட்டுப் போனவங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

அவன் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "அவ்வளவுதானே? ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்குது. வா, தேடிப் போவோம்."

மூன்று ஞாயிறு போனார்கள். வேனின் ஜன்னல்களில் கனத்த துணி தொங்கவிட்டு, உள்ளே பேட்டரியில் ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டான் அவன். சின்னடுப்பு அண்ணன் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், மேலே பெயர் பதியாத அச்சில் சுட்டுக் கொடுத்தார். பேருந்து நிலையம், துணி வெளுக்கும் கடை, நூலக வாசல் என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தினார்கள். எந்த பிஸ்கட் என்று அவள் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் பதிலை வாயில் ஊட்டிவிட்டது போல ஆகிவிடும். பத்து பிஸ்கட்டின் பெயர் போட்ட தாளை நீட்டி, முன்பு வாங்கி இப்போது விட்டது எது என்று கேட்பாள். தங்கள் கம்பெனி பிஸ்கட்டைக் குறித்தவர்களை மட்டும் வேனுக்குள் கூப்பிடுவாள். அதிலும் யாருக்கும் காரணம் சொல்லமாட்டாள்.

கணவன் வெளியே நின்று ஆள் சேர்த்தான். "வாங்க வாங்க, ஊசி போட மாட்டாங்க, பிஸ்கட்தான்" என்று அவன் கூவுவது உள்ளே கேட்கும். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இத்தனை நேரம் சேர்ந்து ஒரு வேலை செய்ததில்லை.

ஒரு தையல்காரர் பழையதைக் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இது எங்கம்மா கிடைக்குது?" என்று கேட்டார். அவள் அதைச் சொல்லக்கூடாது. "நம்பரை மட்டும் எழுதுங்க ஐயா" என்றாள். எழுதிவிட்டு இறங்கியவர் திரும்பி வந்து, "பொண்ணுக்கு ஒண்ணு குடுப்பீங்களா?" என்று கேட்டார். அதற்கும் முறையில் இடமில்லை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் போனபிறகு வெகுநேரம் வருத்தப்பட்டாள்.

அறுபது பேர். அதில் நாற்பத்துமூன்று பேர் பழையதை எடுத்திருந்தார்கள்.

அவள் ரிப்போர்ட் எழுதினாள். எழுதத் தெரிந்த ஒரே விதத்தில் எழுதினாள். முறை என்ற தலைப்பின் கீழ் எல்லாம் இருந்தது: எந்த இடம், எந்த நாள், எந்த வண்டி, என்ன விளக்கு, யார் சுட்டது, எந்த அளவில். முடிவை மட்டும் எழுதி முறையை மறைத்தால் அது வெறும் வதந்தி என்று நினைக்கிறவள் அவள்.

மேனேஜர் அதை ஒரு பேனாவோடு படித்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த நாற்பத்துமூன்றின் மேல் பேனா நிற்கவே இல்லை. முதல் பக்கத்தில் மூன்று இடத்தில் கோடு போட்டார்: "கம்பெனி வேன்." "பழைய அளவில் சுட்டது." "தொழிற்சாலைக்கு வெளியே."

"உக்காருங்க" என்றார். அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள்.

"விடுமுறை நாள்ல வண்டியை எடுக்க உங்க வீட்டுக்காரருக்கு அனுமதி இருக்கா? சின்ன அடுப்பைப் பாத்துக்கறவரைக் கணக்குல வராம சுட யாரு சொன்னா? கம்பெனி அளவை வெளியில கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க. இது மூணு பேர் வேலை போற விஷயம்மா."

"முடிவைப் பாருங்க சார்."

"பாத்தேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "எனக்கும் தெரியும்மா. மேல இருக்கறவங்களுக்கு என்ன வேணும்னு அதைவிட நல்லா தெரியும். எனக்கும் ஒரு வீடு இருக்கு."

மறுநாள் ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அனுமதியில்லாமலும் முறையில்லாமலும் நடத்திய பரிசோதனை என்பதால் அதன் முடிவு செல்லாது, முந்தைய ஏழு ரிப்போர்ட்டுகளும் சரியானவை என்று உறுதி கூறுகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் யார் வேலைக்கும் பங்கம் வராது. வெள்ளிக்கிழமை வரை நேரம்.

தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"போடாத. வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஊர்ல வண்டிக்கா பஞ்சம்?"

அவன் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். உள்ளறையில் மகள் எதையோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கடைசித் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. வேலை போனால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும், பள்ளியும் போய்விடும். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை சின்னடுப்பு அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"இல்லம்மா, போகணும்." ஆனால் போகவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ம்மா. என்னைப் பத்தி யோசிக்காத" என்றார். சொல்லிவிட்டும் நின்றார். கதவு நிலையில் ஒட்டியிருந்த ஒரு பழைய தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடு என்று யாருமே சொல்லவில்லை. போடவேண்டாம் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அவளை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆப்பசைத்த குரங்குக்காவது தன் வால் மட்டும்தான் மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டாள். போடும் முன் வரி வரியாகப் படித்தாள். அனுமதியில்லாமல் என்பது உண்மை. ஏழு ரிப்போர்ட்டும் சரி என்பதுகூட உண்மை. முறையில்லாமல் என்ற ஒரு சொல்தான் பொய். அவள் வாழ்க்கையில் அதைவிட முறையாக எதையும் செய்ததில்லை. பேனாவை அந்தச் சொல்லுக்கு மேலே கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள். மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். வேன் அவன் கையிலேயே இருந்தது. சின்னடுப்பு அண்ணன் இரண்டு வருடம் கழித்து ஒழுங்காக ஓய்வு பெற்றார். மகள் நல்ல மதிப்பெண் வாங்கி, கம்பெனி கொடுத்த உதவித்தொகையிலேயே வேறு ஊரில் படிக்கப்போனாள். படிப்பு முடியும்வரை பெற்றோரில் ஒருவராவது வேலையில் இருக்கவேண்டும் என்பது அந்த உதவித்தொகையின் விதி. அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. வாடிக்கையாளர் கடிதப் பிரிவின் தலைவி. ருசி பார்க்கும் வேலையை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். எட்டாவது மாற்றத்தை அவர்கள் ஏழாவதோடு ஒப்பிட்டார்கள். முப்பத்தாறில் பன்னிரண்டு. கூண்டுகளைப் பிரித்து அந்த அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கினார்கள்.

கடிதப் பிரிவு தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. வருகிற புகார்களில் பத்துக்கு ஒன்பது ஒரே புகார்: ருசி மாறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது. "எங்கள் பிஸ்கட்டின் ருசியில் எந்த மாற்றமும் இல்லை என்பதைத் தொடர்ச்சியான பரிசோதனைகள் உறுதி செய்துள்ளன." கீழே அவள் கையெழுத்து. யாருக்கு என்ற பெயரை மட்டும் மாற்றி அனுப்பவேண்டும். ஒரு வார்த்தை சேர்க்கக் கணினி விடாது.

முதல் வருடம் மாதத்துக்கு இருநூறு கடிதம் வந்தன. கோபமான கடிதங்கள், மூன்று பக்கத்துக்கு நீண்ட கடிதங்கள். ஒருவர் பழைய பாக்கெட்டின் உறையைப் பத்திரமாக வைத்திருந்து அதை ஒட்டி அனுப்பியிருந்தார். தனக்கு வயதாகி நாக்கு மரத்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்கான பதிலை நம்பரக்கா நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் மேலிருந்து கேட்டார்கள், தாமதம் ஏன் என்று. அனுப்பினாள்.

"வீட்டுக்கு வந்தும் அதையே நினைச்சுட்டிருக்காத" என்றான் கணவன். அவன் பேச்சில் பழைய கிண்டல் குறைந்திருந்தது. பச்சை வெங்காயம் இப்போது எல்லா நாளும் தட்டில் இருந்தது. அதைப்பற்றி அவன் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் வருடம் கடிதங்கள் எண்பதாகின. மூன்றாம் வருடம் பதினொன்று. ஆண்டுக் கூட்டத்தில் மேனேஜர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். மேலிருந்து கீழே சரியும் அழகான ஒரு கோடு. "புகார்கள் இவ்வளவு குறைஞ்சதுக்கு ஒருத்தரோட பொறுமைதான் காரணம்" என்று சொல்லி அவளை மேடைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பலர் முன்பு கூண்டில் உட்கார்ந்தவர்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டாள். அந்தக் கோடு ஏன் சரிகிறது என்று அவளுக்குத் தெரியும். கோபப்படுகிறவனுக்கு இன்னும் ஒட்டுதல் இருக்கிறது. ஒட்டுதல் போனவன் தபால்தலைக்குச் செலவழிக்கமாட்டான். அதைச் சொல்ல நாலு பேர் முன்னால் ஒலிபெருக்கியும் கிடைத்தது. மகளுக்குப் படிப்பு முடிய ஒன்றரை வருடம் இருந்தது.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள்.

வீட்டில் கணவன் சான்றிதழை வாங்கிப் படித்தான். எங்கே மாட்டலாம் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான்.

மறுநாள் மேசையில் நான்கு கடிதங்கள் இருந்தன. மதிய இடைவேளைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. முதல் கடிதத்தைப் பிரித்தாள். வேறு வேலை இல்லாததால் அதை இரண்டு முறை படித்தாள்.